89 கார் கூடுதல், 70 கோடி யூரோ கூடுதல்: ஃபெராரியின் கணக்கு

2023-இல் ஃபெராரி வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய கார்கள் 13,663. அடுத்த ஆண்டு 13,752. வித்தியாசம் 89 கார்தான், ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஆனால் அதே ஓராண்டில் வருவாய் 597 கோடி யூரோவிலிருந்து 667.7 கோடிக்கு, அதாவது ஏறக்குறைய 12 சதவீதம் ஏறிவிட்டது. கூடுதலாக வந்த 70 கோடியை அந்த 89 கார்களின் தலையில் கட்டினால், கார் ஒன்றுக்கு 79 லட்சம் யூரோ வருகிறது. நம்ப முடியாத விலை. ஆக, பணம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

முதல் விடை, எந்தெந்த மாடல் எத்தனை விற்றது என்ற கலவை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 கார்களில் 95 கார்கள் தலா 3 லட்சம் யூரோ, மீதி 5 கார்கள் தலா 20 லட்சம். மொத்தம் 385 லட்சம். மறு ஆண்டும் அதே 100 கார்தான். ஆனால் விலை உயர்ந்த கார் 5-க்குப் பதில் 7. இப்போது மொத்தம் 419 லட்சம். எந்த விலையையும் ஏற்றவில்லை, ஒரு கார்கூடக் கூடுதலாகச் செய்யவில்லை, வருவாய் மட்டும் ஏறக்குறைய 9 சதவீதம் கூடிவிட்டது. ஃபெராரியிடம் அந்த 20 லட்சம் யூரோ கார் அப்போது உண்மையிலேயே இருந்தது: டேடோனா எஸ்பி3. விற்பனைக்கென்று திட்டமிட்டது மொத்தமே 599 கார்கள்தான். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைக்கவில்லை, கம்பெனி அழைத்தவர்களுக்குத்தான்.

இரண்டாவது விடை எனக்கு இன்னும் சுவாரசியமானது. காரைத் தனக்கேற்றபடி மாற்றிக்கொள்ள வாடிக்கையாளர் தரும் கூடுதல் பணம். தனி நிறம், கார்பன் ஃபைபர் பாகங்கள், இருக்கைக்கு வேறு தோல், தையலுக்கு வேறு நூல். 2024-இல் கார்கள், உதிரி பாகங்கள் மூலம் வந்தது 572.8 கோடி யூரோ. அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த அலங்காரச் செலவுதான் என்கிறது நிறுவனம். அதாவது 110 கோடிக்கும் மேல்! பந்தய அணியின் ஸ்பான்சர்கள், பிராண்டு உரிமம் எல்லாம் சேர்ந்தே 67 கோடிதான் தந்தன. இஞ்சினை வடிவமைக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன, புது நிறத்துக்கு அவ்வளவு பாடு கிடையாது. அதனால் இந்தப் பணத்தில் செலவு போக மிஞ்சுவது அதிகம்.

சரி, இவ்வளவு கொடுக்க ஆட்கள் ஏன் வரிசையில் நிற்கிறார்கள்? வரிசை இருப்பதால்தான். சந்தை கேட்பதைவிட ஒரு கார் குறைவாகச் செய்ய வேண்டும் என்று நிறுவனர் என்ஸோ ஃபெராரி சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. 2013-இல் அன்றைய தலைவர் மோன்டெஸெமோலோ அதைச் செய்தே காட்டினார். வேண்டுமென்றே உற்பத்தியைக் குறைத்து, 6,922 கார்களோடு நிறுத்திக்கொண்டார். முந்தைய ஆண்டைவிட எண்ணிக்கை குறைந்தது, வருவாய் கூடியது. பழைய ஃபெராரியை நல்ல விலைக்கு விற்க முடியும் என்ற நம்பிக்கை இருக்கும் வரை புதுக் காருக்கு ஆள் வருவார்கள். தெருவுக்குத் தெரு நின்றால் அந்த நம்பிக்கை போய்விடும்.

லாபத்தைப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 2024-இல் இரண்டு லாப விகிதங்கள் அறிவிக்கப்பட்டன: 38.3 சதவீதம், 28.3 சதவீதம். முதலாவது, தேய்மானத்தைக் கழிப்பதற்கு முந்தையது. இரண்டாவது, கழித்த பிறகு. இடையே 66.7 கோடி யூரோ. புது மாடலை உருவாக்கும் செலவில் ஒரு பகுதியை அதே ஆண்டிலேயே கழிக்காமல், சொத்தாக வைத்துக்கொண்டு பல ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். அந்தப் பிரித்த பங்கும் இயந்திரங்களின் தேய்மானமும்தான் இந்த 66.7 கோடி. காகிதச் செலவு என்று இதைத் தள்ளிவிட முடியாது, என்றைக்கோ கையிலிருந்து போன பணம்தான். அதனால் நான் 28.3-ஐத்தான் பார்ப்பேன். கார் தொழிலில் அதுவே மலைப்பான எண். வரியெல்லாம் போக நிகர லாபம் 152.6 கோடி. வருவாயில் கார் அல்லாததும் உண்டு, இருந்தாலும் சும்மா ஒரு மனக்கணக்குக்காக வகுத்தால், அனுப்பிய கார் ஒன்றுக்கு 1.1 லட்சம் யூரோ.

இந்தக் கணக்கில் ஒரு இடர்ப்பாடும் இருக்கிறது. 2015-இல் பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனம் ஆண்டுதோறும் வளர்ச்சி காட்டியாக வேண்டும். அரிதாகவும் இருக்க வேண்டும், வளரவும் வேண்டும்! 2019-இல்தான் எண்ணிக்கை முதன்முறையாக 10,000-ஐத் தாண்டியது. இப்போது 2013-இன் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான்கு கதவுள்ள புரோசாங்குவே வந்தபோது, அது மொத்த எண்ணிக்கையில் 20 சதவீதத்தைத் தாண்டாது என்று முன்கூட்டியே வரம்பு சொல்லிவிட்டார்கள். நன்றாக விற்கக்கூடிய ஒரு காருக்குத் தானே கடிவாளம் போட்டுக்கொள்ளும் தொழில் இது.

அப்புறம், 2024 அக்டோபரில் அறிமுகமான எஃப்80. இத்தாலியில் வரியோடு சுமார் 36 லட்சம் யூரோ, மொத்தம் 799 கார்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கொடுத்தால் அந்த ஆண்டின் அறிக்கை வானத்தைத் தொடும், மறு ஆண்டு அதே வேகத்தில் கீழே விழும். அதனால் 2025-இன் கடைசியில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டின் கலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் திட்டம்.