தலைவர் வர்ற அன்னைக்கு வெயில்ல காத்து நிக்கப் போறீங்களா?

எங்க திருநெல்வேலிப் பக்கம் வீட்டுக்கு ஒரு பெரியவர் இருப்பார், காமராஜரைப் பாத்தேன், எம்ஜிஆரை இம்புட்டு பக்கத்துல பாத்தேன்னு சொல்லுறதுக்கு. கைப்பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு விடிய விடிய காத்துக் கிடந்தோம்னு ஆச்சிமார் சொல்லும்போது முகத்துல வர்ற சந்தோசத்தை நான் குறையே சொல்ல மாட்டேன், சின்ன ஊருக்கு ஒரு தலைவர் வர்றது பெரிய விசயம்தான். ஆனா டாக்டரா எனக்குப் பயமே அந்தக் காத்துக் கிடக்கிற நேரத்தை நினைச்சுதான்.

அமெரிக்காவுல 1948 ஜனாதிபதி தேர்தலுக்கு ஹாரி ட்ரூமன் ரயில்லயே ஊர் ஊரா போய், கடைசிப் பெட்டிக்குப் பின்னால நின்னு பேசினார், நிறைய ஊர்ல கொஞ்ச நிமிசப் பேச்சுதான். ரயிலுக்காவது ஒரு டைம் உண்டு. இங்க பிரச்சார வேன் வழியில ஊருக்கு ஊர் நின்னு வரும், 11 மணின்னு சொன்னது 3 மணி ஆகிடும். தேர்தலும் 2016ல மே 16, 2019ல ஏப்ரல் 18, 2021ல ஏப்ரல் 6, 2024ல ஏப்ரல் 19, எல்லாமே வெயில் காலத்துல.

ஒரு பிரச்சாரத்தப்போ களக்காட்டுப் பக்கத்து ஆச்சி ஒருத்தங்களை ஆட்டோவுல தூக்கிட்டு வந்தாங்க. நாக்கு வறண்டு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு, பைக்குள்ள தண்ணி பாட்டில் மூடி திறக்காம அப்படியே இருக்கு. கொஞ்சம் தெளிஞ்சதும் "ஏன் ஆச்சி குடிக்கல?"ன்னு கேட்டேன். "குடிச்சா ஒதுங்க எடம் எங்கய்யா இருக்கு?"ன்னாங்க. போதாததுக்கு வெறும் வயித்துல சுகர் மாத்திரை, கூடவே பிரஷருக்கு நீர் பிரியுற மாத்திரை வேற, சுகர் நல்லா இறங்கிப் போயிருந்துச்சு. பொம்பளைங்க தண்ணி குடிக்காம வர்றதுக்கு அறியாமை காரணமே இல்ல, மைதானத்துல கக்கூஸ் இல்லாததுதான் காரணம்.

சும்மா கிறுகிறுன்னு வந்தா நிழல்ல படுக்க வச்சு காலைத் தூக்கி வச்சாலே பாதி பேர் தெளிஞ்சிருவாங்க, நினைவு தெளிவா இருந்தா ஓஆர்எஸ் கொடுங்க. ஆனா உடம்பு கொதிச்சு, பேச்சு குழறி, ஆளு சம்பந்தமில்லாம உளற ஆரம்பிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக், உயிர் போற விசயம். வேர்வை இருக்கே, அப்போ ஒண்ணுமில்லன்னு நினைக்காதீங்க, வேர்வையோடயும் வரும். 108க்கு போன் போட்டுட்டு, வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காம உடம்பு முழுக்கத் தண்ணிய ஊத்தி விசிறுங்க, அக்குள்லயும் தொடை இடுக்குலயும் ஐஸ் வைங்க. நினைவில்லாதவங்க வாயில சோடா, மோர் எதையும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிரும். காய்ச்சல் மாத்திரை இதுக்கு கேக்காது.

இன்னொண்ணு நெரிசல். 2025 செப்டம்பர் 27 கரூர்ல 41 பேரை இழந்தோம், குழந்தைங்களும் அதுல உண்டு. நெரிசல்ல மிதி பட்டுத்தான் சாவாங்கன்னு இல்ல, நெஞ்சு விரிய இடமில்லாம நின்ன வாக்குலயே மூச்சு நின்னு போகும். ரெண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால வச்சு கொஞ்சம் இடம் பண்ணிக்கோங்க, கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாம சாய்வா ஓரத்துக்கு நகருங்க, செருப்பு, செல்போன் எது விழுந்தாலும் குனியவே குனியாதீங்க. கைப்பிள்ளையை தயவுசெஞ்சு வீட்டுல விட்டுட்டு போங்க.

கூட்டம் போடுற கட்சிக்காரங்க அண்ணாச்சிமாருக்கு, கட்டவுட் ஒண்ணு குறைஞ்சாலும் பரவாயில்ல, பொம்பளைங்க பக்கம் நாலு தற்காலிக கக்கூஸ், தலைக்கு மேல பந்தல், ஆம்புலன்ஸ் உள்ள வந்து போக ஒரு வழி, இந்த மூணையும் மேடை போடுறதுக்கு முன்னாடியே போட்டுருங்க. தலைவர் லேட்டுன்னா லேட்டுன்னு மைக்ல உண்மையைச் சொல்லுங்க, "இதோ வந்துட்டார், இதோ வந்துட்டார்"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா சாப்பிடக்கூட யாரும் நகர மாட்டாங்க.