கடைசி இரண்டு நிமிடங்கள்: குவார்ட்டர்பேக்கின் திறமையா, தற்செயலா?

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் 1991 ஜனவரி 27 அன்று நடந்தபோது, நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி 20-19 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்களுக்குச் சற்றே அதிகமாக இருந்த நிலையில், பஃபலோ பில்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்துபவர்) ஜிம் கெல்லி தன் பக்கத்து 10 யார்டு கோட்டிலிருந்து பந்தை முன்னகர்த்தத் தொடங்கி, எட்டு விநாடிகள் எஞ்சியிருக்கையில், கம்பங்களுக்கு இடையே உதைத்தால் எட்டக்கூடிய தொலைவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஸ்காட் நார்வுட் உதைத்த 47 யார்டு உதை வலப்புறம் விலகிப் போனது. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2002 பிப்ரவரி 3 அன்று, 17-17 என்ற சமநிலையில், 81 விநாடிகள் மீதமிருக்க, கேட்டுப் பெறக்கூடிய இடைநிறுத்தம் ஒன்றுகூட இல்லாமல், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் டாம் பிரேடி ஏறக்குறைய அதே வேலையைச் செய்தார். நேரத்தைக் கடத்திவிட்டுக் கூடுதல் நேர ஆட்டத்துக்குப் போவதே மேல் என்று தொலைக்காட்சி வர்ணனையாளர் ஜான் மேடன் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடம் வினட்டியேரி உதைத்த 48 யார்டு உதை நேராகச் சென்றது.

இரண்டு உதைகளின்போதும் குவார்ட்டர்பேக்குகள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆயினும் பிரேடியின் பெயருக்கு முன்னால் 'நெருக்கடியில் கலங்காதவர்' என்ற பட்டம் அன்று ஒட்டிக்கொண்டது. நான்கு சூப்பர் பௌல்களில் தொடர்ந்து தோற்றவர் என்பதே கெல்லியின் அடையாளமாக நிலைத்துவிட்டது.

அமெரிக்க ரசிகர்கள் 'கிளட்ச்' என்று அழைக்கும் இந்த நெருக்கடித் திறனை அளப்பதற்கு வழக்கமாக எண்ணப்படுபவை இரண்டு: கடைசிக் கால்பகுதியில் பின்தங்கியிருந்து மீண்டு வென்ற ஆட்டங்கள், வெற்றிப் புள்ளியை ஈட்டித்தந்த நகர்வுகள். இவ்விரண்டிலும் முதல் கோளாறு, அணி முதலில் பின்தங்கவோ சமநிலையில் சிக்கவோ வேண்டும் என்பதாகும். முதல் பாதியிலேயே ஆட்டத்தை முடித்துவிடும் குவார்ட்டர்பேக்குக்கு இக்கணக்கில் இடமில்லை. இரண்டாவது கோளாறு, பலருடைய கைகளால் ஆன முடிவு ஒருவர் பெயரில் வரவு வைக்கப்படுகிறது. 2008 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் ஜயன்ட்ஸின் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங் நிகழ்த்திய புகழ்பெற்ற கடைசி நகர்வில், டேவிட் டைரி பந்தைத் தலைக்கவசத்தோடு அழுத்திப் பிடித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய எறிதல் எதிரணியின் அசான்டே சாமுவேலின் விரல்களில் பட்டு நழுவியதை நினைவில் வைத்திருப்போர் குறைவு. அவர் அதைப் பிடித்திருந்தால் ஆட்டம் ஏறத்தாழ அங்கேயே முடிந்திருக்கும். சாதாரணப் பருவ ஆட்டங்களில் 117 வெற்றி, 117 தோல்வி என்று ஓய்வுபெற்ற மேனிங், நெருக்கடி வீரர்களின் பட்டியலில் இடம்பெறுவதற்கு அந்த நழுவலும் ஒரு காரணம்.

தற்செயல் மட்டுமே என்ன செய்யக்கூடும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் பத்து நெருக்கமான ஆட்டங்கள் ஆடுவதாகவும், அவற்றின் முடிவு நாணயம் சுண்டுவதைப் போல முழுக்க முழுக்கத் தற்செயலானது என்றும் வைத்துக்கொள்வோம். பத்தில் எட்டோ அதற்கு மேலோ வெல்வதற்கான வாய்ப்பு 1024இல் 56, அதாவது சுமார் 5.5 விழுக்காடு. 32 அணிகளில் இது ஆண்டுதோறும் ஒன்று அல்லது இரண்டு குவார்ட்டர்பேக்குகளை நாயகர்களாக்கிவிடும்; அதே எண்ணிக்கையில் சிலரைக் கோழைகளாகவும் ஆக்கும். இருவருக்குமிடையே திறமையில் எந்த வேறுபாடும் இல்லாமலேயே இது நடக்கும்.

நடைமுறையிலும் இதன் சாயலைக் காண முடிகிறது. 2022ஆம் ஆண்டுப் பருவத்தில் மின்னசோட்டா வைகிங்ஸ் அணி 13 ஆட்டங்களை வென்று 4இல் தோற்றது. எட்டுப் புள்ளிகளுக்குள் முடிந்த 11 ஆட்டங்களிலும் அது வென்றது. ஆனால் பருவம் முழுவதும் அது எடுத்த புள்ளிகளைவிட விட்டுக்கொடுத்த புள்ளிகள் மூன்று கூடுதல். அதன் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் அந்த ஆண்டு எட்டு முறை கடைசிக் கால்பகுதியில் பின்தங்கியிருந்து மீண்டு, மாத்யூ ஸ்டாஃபர்டு 2016இல் படைத்த சாதனையைச் சமன் செய்தார். இண்டியானாபொலிஸ் அணிக்கு எதிராக 0-33 என்ற நிலையிலிருந்து வென்றது தொடரின் வரலாற்றிலேயே மிகப் பெரிய மீட்சியாகும். சாதாரணப் பருவம் முடிந்தபின் வந்த நாக் அவுட் ஆட்டத்தில் வைகிங்ஸ் ஜயன்ட்ஸிடம் 24-31 என்று தோற்றது. எட்டு யார்டு தேவைப்பட்ட கடைசி வாய்ப்பில் கசின்ஸ் எறிந்த பந்து மூன்று யார்டு மட்டுமே ஈட்டித்தந்தது. 2023இல் முதல் மூன்று ஆட்டங்களில் முறையே 3, 6, 4 புள்ளிகள் வித்தியாசத்தில் தோல்வி. அந்தப் பருவத்தில் காயமடையும்வரை கசின்ஸ் முந்தைய ஆண்டைவிட உயர்ந்த விழுக்காட்டில் பந்தைக் குறிசேர்த்தார் (எறிந்ததைச் சக வீரர் பிடித்தார்) என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஓராண்டில் வந்த துணிவு மறு ஆண்டில் காணாமல் போனது என்ற விளக்கம் எடுபடுவதில்லை.

ஒரு பண்பு உண்மையிலேயே ஒருவரிடம் இருக்கிறது என்றால், அது ஓராண்டில் தெரிந்து மறு ஆண்டில் மறையாமல், ஓரளவேனும் திரும்பத் திரும்பத் தெரிய வேண்டும். புள்ளியியலாளர்கள் கேட்கும் கேள்வி இதுதான். பேஸ்பாலில் இந்தச் சோதனையை 1977இல் ரிச்சர்ட் கிராமர் செய்தார்: 1969இல் தம் வழக்கமான ஆட்டத்துக்கு மேலாக நெருக்கடியில் பிரகாசித்தவர்கள் 1970இலும் அவ்வாறு பிரகாசித்தார்களா என்று பார்த்ததில், குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து பேஸ்பால் புள்ளியியல் எழுத்தாளர் பில் ஜேம்ஸ் இதற்கு ஒரு கூர்மையான மறுப்பை எழுப்பினார். தரவில் இரைச்சல், அதாவது தற்செயலான ஏற்ற இறக்கம், மிகுந்திருக்கும்போது, தொடர்பு தென்படவில்லை என்பதை வைத்துத் திறன் இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது என்றார். என் மதிப்பீட்டில் இந்த விவாதத்தின் மையமே இங்குதான் இருக்கிறது.

பதற்றம் உடலையும் கவனத்தையும் பாதிக்கிறது என்பதில் ஐயமில்லை. 1984இல் ராய் பாமைஸ்டர் முதலான உளவியலாளர்கள் அதைச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனைகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் சாதாரண மனிதர்கள். அமெரிக்கப் பள்ளிகளில் கால்பந்து ஆடும் சுமார் பத்து லட்சம் மாணவர்களிலிருந்து, கல்லூரி அணிகள் வழியாக வடிகட்டப்பட்டு, 32 முதல்நிலை இடங்களுக்கு வந்து சேர்பவர்களுள், கூச்சல் கேட்டதும் கைநடுங்குபவர்கள் எஞ்சியிருக்க மாட்டார்கள். எஞ்சியவர்கள் எல்லோருமே அழுத்தத்தைத் தாங்குபவர்கள் என்றால், அவர்களுக்கிடையேயான வேறுபாடு மிகச் சிறியதாகவே இருக்கும்.

கடைசி நிமிடங்களின் ஆட்டமுறையே வேறு என்பதும் ஒப்பீட்டைக் குழப்புகிறது. பத்து யார்டு நகர்த்த நான்கு வாய்ப்புகள் உண்டு. வழக்கமாக மூன்றைப் பயன்படுத்திவிட்டு நான்காவதில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியிடம் ஒப்படைப்பார்கள். பின்தங்கிய அணி நான்கையும் பயன்படுத்துகிறது. முன்னிலையில் உள்ள அணியோ நெடிய எறிதல்களைத் தடுக்கப் பின்வாங்கி நின்று, குறுகியவற்றை விட்டுக்கொடுக்கிறது. கடிகாரத்தைக் கையாள்வது, எல்லைக்கோட்டை ஒட்டி எறிவது, கூடி நின்று பேசாமலே அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவது ஆகியவை பயிற்சியால் வரும் உண்மையான திறமைகள். 2002இல் பிரேடி காட்டியது இவற்றைத்தான். இதற்கு இரும்பு நரம்பு என்று பெயரிடுவதைவிட நல்ல பயிற்சி என்று பெயரிடுவதே பொருத்தம்.

மிஞ்சும் சிறு வேறுபாட்டைக் கண்டறிய எத்தனை எறிதல்கள் வேண்டும்? 62 விழுக்காடு குறிசேர்க்கும் ஒருவரின் 100 எறிதல்களை எடுத்துக்கொண்டால், தற்செயலால் மட்டுமே அந்த எண் 52க்கும் 72க்கும் இடையில் எங்கும் அமையலாம். நெருக்கடியில் அவர் உண்மையாகவே மூன்று விழுக்காட்டுப் புள்ளிகள் மேம்பட்டு, 65 விழுக்காட்டை எட்டுகிறார் என்றால், அதை ஓரளவு நம்பிக்கையோடு சொல்வதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட நெருக்கடி எறிதல்கள் தேவைப்படும். பருவத்துக்கு ஐம்பது கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் இருபது ஆண்டுகள் ஆகும். பிரேடி 23 பருவங்கள் ஆடினார். அவற்றில் முதலாவதில் அவருக்கு வயது 23, கடைசியில் 45. அந்த இடைவெளியில் அவருடைய உடல், உடன் ஆடியவர்கள், ஆட்டத்தின் விதிகள் எல்லாமே மாறிவிட்டன. மற்ற குவார்ட்டர்பேக்குகள் அனேகமாக எல்லோரும் தேவையான எண்ணிக்கையை எட்டுவதற்கு முன்பே ஓய்வுபெற்றுவிடுகிறார்கள்.