கையெழுத்துப் போட வேண்டியவள் அவள் ஒருத்திதான்

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்திருந்தார்கள். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) மருமகளுக்கு 22 வாரம் தாண்டிய கர்ப்பம். அதைக் கலைக்க வேண்டும் என்று வந்திருந்தாள். கணவர் லாரி விபத்தில் இறந்து ஒன்றரை மாதம். வீட்டில் இரண்டு குழந்தைகள்.

"எம்பட பையனோட உசுருங்க டாக்டரம்மா அது" என்று மாமியார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். மருமகள் தலை நிமிரவில்லை. "நானொருத்தி தோப்பு வேலைக்குப் போயித்தானுங்க ரெண்டையும் வளத்தோணும்."

19ஆம் வாரத்திலேயே இதற்காக அவள் வேறோர் இடத்துக்குப் போயிருக்கிறாள். மாமியார் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆறாத கோபம் இதில்தான். 18 வயது நிறைந்த, மனநோய் இல்லாத பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவர், மாமியார், அப்பா என்று வேறு யார் கையெழுத்தும் வேண்டாம். அவள் பெயரை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை.

கருக்கலைப்பு நம் நாட்டில் இன்றும் குற்றவியல் சட்டத்தில்தான் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் அதற்கு விலக்குத் தருகிறது, டாக்டரின் ஒப்புதலோடு. 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். 20 முதல் 24 வரை இரண்டு பேர். அதுவும் பலாத்காரத்துக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்பகாலத்தில் கணவரை இழந்தவர் போன்ற சிலருக்கு. மணமாகாதவர்களுக்கும் இதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 24 தாண்டினால் கதவு ஏறக்குறைய மூடிவிடும். 2023 அக்டோபரில் 26 வாரக் கர்ப்பத்தோடு போன இரண்டு குழந்தைகளின் தாய்க்கு அதே நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

"அப்ப அது ஆளில்லீங்களா?" என்று மாமியார் கேட்டார்.

துடிப்பு இருக்கிறது, அசைகிறது, வெளியே வந்தால் நுரையீரல் பெரும்பாலும் தாங்காது. இவ்வளவுதான் ஸ்கேனும் படிப்பும் எனக்குச் சொல்லும். எப்போது 'ஆள்' ஆகிறது என்று எந்தக் கருவியும் காட்டாது. நம் சட்டமும் அதற்கு ஒரே பதில் வைத்திருக்கவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சாகும்போது வயிற்றிலிருந்த பிள்ளைக்கும் சொத்தில் பங்கு உண்டு, உயிரோடு பிறந்தால். வயிற்றுப் பிள்ளைக்கும் தாய்க்கும் சம உயிருரிமை என்று 1983இல் அரசியல் சாசனத்திலேயே எழுதிய நாடு அயர்லாந்து. 2012இல் அங்கே கரு கலைந்துகொண்டிருந்த நிலையிலும், துடிப்பு இருக்கிறது என்று காத்திருந்ததில் சவிதா ஹலப்பனவர் என்ற நம் நாட்டுப் பல் டாக்டர் நோய்த்தொற்றில் இறந்தார். 2018இல் மக்கள் வாக்களித்து அந்த வரியை நீக்கினார்கள்.

மாமியாரின் துக்கம் பொய்யில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தத் துக்கத்துக்காக மருமகள் உடம்பை நான் எடுத்துக் கொடுக்க முடியாது.

மறுநாள் அவளைத் தனியாக வரச் சொன்னேன். பெற்றெடுப்பதானால் என்னென்ன உதவி கிடைக்கும் என்பதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "இல்லீங்க" என்றாள். இரண்டாவது டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு நாட்களை எண்ணினேன். 24 வாரம் முடிய ஒன்பது நாள் இருந்தது.