சூட்டில் கோணிய பெட்டிக்குச் சூடுதான் வைத்தியம்

திருமங்கலத்தில் சாயங்காலம் மட்டும் கிரில் சிக்கன் கடை போடுகிற ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பழைய கேஸ் கிரில் ஒன்றைச் சகாய விலைக்கு வாங்கினாராம், பர்னரைச் சுற்றியிருக்கிற பெட்டி நெளிந்துபோய் மூடி ஒரு பக்கம் உட்கார மாட்டேன் என்கிறதாம், மச்சான் சுத்தியலோடு நிற்கிறாராம், தட்டலாமா? வேண்டாம் சார். முதலில் மச்சான் கையிலிருந்து சுத்தியலை வாங்கி வையுங்கள், அப்புறம் பேசுவோம். (தீ எரிகிற பெட்டியைத் தீப்பெட்டி என்று எழுதினால் சிவகாசிதான் ஞாபகம் வரும், அதனால் வெறும் பெட்டி என்றே எழுதுகிறேன்.)

சூடானால் உலோகம் விரியும், தண்டவாளத்தில் இடைவெளி விடுவார்கள், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தாண்டிப் போகிறேன். ஒரு எண் மட்டும் போதும்: ஒரு மீட்டர் சாதா இரும்பு 100 டிகிரி சூடேறினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் நீளும். ஆறினால் பழையபடி சுருங்கிவிட வேண்டியதுதானே, பெட்டி ஏன் கோணலாகவே நிற்கிறது?

சுருங்கும்தான், யாரும் பிடித்து வைக்காமல் இருந்தால். பெட்டியின் ஓரத்தைப் போல்ட் போட்டுச் சட்டத்தோடு இறுக்கியிருப்பார்கள், அங்கே சூடும் குறைவு. நடுப்பகுதி பர்னருக்கு நேரே கிடந்து காய்கிறது, கொழுப்பு சொட்டித் தீப்பிடித்தால் கேட்கவே வேண்டாம். நடு விரியப் பார்க்கும், ஓரம் இடம் கொடுக்காது. முழுக்க இறுக்கிப் பிடித்த சாதா இரும்பு, சுற்றியிருப்பதைவிட ஏறக்குறைய நூறு டிகிரி கூடுதலாகச் சூடானாலே நிரந்தரமாக நசுங்கத் தொடங்கிவிடும். மெல்லிய தகடு என்றால் நசுங்குவதற்கு முன்பே ஒரு பக்கமாகப் புடைத்துக்கொள்ளும், அந்தப் புடைப்பிலேயே சூட்டில் இளகி அப்படியே படிந்துவிடும். ஆறிய பிறகு தகட்டின் ஒரு பகுதி இன்னொரு பகுதியைவிட நீளமாக இருக்கிறது. அந்த மிச்ச நீளம் போக இடமில்லாமல் ஒதுங்குவதைத்தான் நாம் நெளிவு என்கிறோம்.

மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 60 சென்டிமீட்டர் தகட்டில் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடியிருக்கிறது என்று வையுங்கள். இரண்டு முனையையும் நகரவிடாமல் பிடித்தால் அது ஓட்டுக்கூரை மாதிரி நடுவில் எழும்பும். பிதாகரஸ் கணக்குதான், பாதித் தகட்டை மில்லிமீட்டரில் எடுத்தால்: கர்ணம் 300.5, அடி 300, இரண்டின் வர்க்கத்தையும் கழித்து மூலம் எடுத்தால் உயரம் 17 மில்லிமீட்டருக்கு மேல்! மடியாமல் வில்லாக வளைந்தாலும் 15 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கூடியதற்கு ஒரு விரல் அகலத்துக்குப் புடைப்பு. இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடியும் போட்டேன், நீங்களும் போட்டுப் பாருங்கள்.

எந்தப் பகுதி கூடியிருக்கிறது என்பதைப் பார்த்தே சொல்லலாம், மொட்டைமாடியில் அப்பளம் காயவைத்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். ஓரம் முந்திக்கொண்டு சுருங்கினால் நடு கிண்ணமாகக் குழியும், நடு சுருங்கினால் ஓரம் அலையலையாக நெளியும். பெட்டியும் அப்படித்தான்.

சரி, சுத்தியலால் என்ன கெடுதல்? பித்தளைக் குடம் தட்டுகிறவரைப் பாருங்கள், அடி விழ விழத் தகடு மெலிந்து பரப்பு விரியும். ஏற்கெனவே நீளம் கூடிப்போன இடத்தைத் தட்டினால் இன்னும் கூடும், இந்தப் பக்கம் அமுக்கினால் அந்தப் பக்கம் டப்பென்று எழும்பும். நமக்கு வேண்டியது நீளத்தைக் குறைக்கிற வித்தை.

அதைக் கப்பலூரில் ஒரு பட்டறையில் பார்த்தேன். பெண்டு எடுக்கிறவர் ஈரச் சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புடைப்பின் உச்சியில் நாணயம் அளவுக்கு ஒரு புள்ளியை மட்டும் கேஸ் வெல்டிங் தீயால் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சினார். உடனே தீயை எடுத்துவிட்டு, சுற்றிலும் சாக்கை ஒற்றினார், உஸ்ஸென்று ஆவி. புள்ளி சிவந்தபோது புடைப்பு கொஞ்சம் கூடியது, ஆறும்போது பழைய உயரத்துக்கும் கீழே இறங்கியது. காரணம், பெட்டியைக் கெடுத்த அதே சூழ்ச்சி. சிவந்த புள்ளி விரியப் பார்க்கிறது, சுற்றியிருக்கிற குளிர்ந்த தகடு விடுவதில்லை, இளகிய இரும்பு பக்கவாட்டில் போக வழியில்லாமல் தடிமனாகத் திரள்கிறது. ஆறும்போது சுருங்குவதை யாரும் தடுக்க முடியாது, சுற்றியுள்ள தகட்டை நாலாபக்கமும் தன் பக்கம் இழுக்கிறது. 2 சென்டிமீட்டர் புள்ளி 600 டிகிரி ஏறினால் அதிகபட்சமாக 0.14 மில்லிமீட்டர்தான் மிஞ்சும், நடைமுறையில் அதைவிடக் குறைவு. அதனால் ஒரு மில்லிமீட்டரை ஒழிக்க ஏழெட்டுப் புள்ளியாவது வேண்டும், ஒவ்வொன்றையும் முழுக்க ஆறவிட்டு, நேர்கோல் வைத்துப் பார்த்து, அப்புறம்தான் அடுத்தது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றுவதும் இதே இழுப்பை நம்பித்தான்.

இவ்வளவு அழகான விஷயத்துக்கு வாசகர் வீட்டில் சொன்ன காரணம் கண் திருஷ்டியாம், கடை வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டியாகிவிட்டது. கட்டுங்கள், மூடி அதனால் உட்காராது. எனக்கு வேறு ஒரு வயிற்றெரிச்சல்: கண்பார்வையில் இத்தனை டிகிரியை மட்டுக்கட்டுகிற பட்டறைக்காரரின் கைப்பக்குவத்தை அளந்து எழுதிவைக்க இங்கே யாருக்கு நேரம்? 2020-21 கணக்குப்படி ஆராய்ச்சிக்கு நாடு செலவிட்டது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். அதில் வெல்டிங் பட்டறைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வருவோம். முதலில் சிலிண்டர், ஹோஸ், பர்னர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், கொழுப்பைச் சுரண்டிவிடுங்கள். பெட்டியில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் பெரும்பாலும் சாதா இரும்பு, சில வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஒட்டும், பட்டறையில் கேட்டுக்கொள்ளுங்கள். துத்தநாகம் பூசிய தகடு என்றால் தீ காட்டவே கூடாது, அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும். ஒட்டாமல், தொட்டால் தடிமனான வார்ப்பு மாதிரி இருந்தால் அலுமினியம், பழைய கிரில்களில் நிறைய உண்டு. அதற்கு இந்த வித்தை ஆகாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன்னால் சிவந்து எச்சரிக்கை எதுவும் தராது, வார்ப்பை வளைக்கப் போனால் விரிசல் விடும். பெட்டியை மாற்றுவதுதான் வழி.

இரும்புப் பெட்டி நிமிர்ந்துவிட்டால், திரும்ப மாட்டுமுன் ஒரு பக்கத்து போல்ட் ஓட்டைகளை மட்டும் அரத்தால் நீளவாக்கில் ராவி ஐந்தாறு மில்லிமீட்டர் கூட்டிவிடுங்கள், நட்டை இறுக்கிப் பிழியாதீர்கள். பெட்டி விரிய இடம் கிடைத்துவிடும். கேஸ் இணைத்ததும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள்.