உயிரிக்கரி

‘பயோசார்’ என்பது, பயிர்க்கழிவையோ மரக்கழிவையோ காற்றோட்டம் குறைந்த சூழலில் சூடேற்றி, மண்ணில் இடுவதற்கென்றே எடுக்கும் கரியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இதற்குத் தமிழில் எந்தப் பெயர் பொருந்தும் என்பதே இங்கே கேள்வி. ‘பயோசார்’ என்பதன் முற்பகுதி, உயிர்வாழ்வைக் குறிக்கும் ‘பியோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பிற்பகுதி, மரக்கரிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சார்கோல்’ என்பதன் தலைப்பாகம். இதை மண்வளம் சார்ந்த பொருளில் 2005ஆம் ஆண்டையொட்டி வழக்குக்குக் கொண்டுவந்தவர் நியூசிலாந்தின் பீட்டர் ரீட் என்பர். ‘அக்ரிசார்’, அதாவது வேளாண் கரி, என்ற பெயரும் அக்காலத்தில் வழங்கிப் பின்னர் ஒதுங்கிவிட்டது. பொருளை நோக்கினால் ஒதுங்கிய பெயரே பொருத்தமானது. அடுப்பில் எரிக்கும் மரக்கரியும் உயிர்ப்பொருளிலிருந்து வந்ததுதான் என்பதால், ‘பயோ’ என்ற அடை எதையும் வேறுபடுத்திக் காட்டவில்லை. வேறுபாடு கரியின் பயனில்தான் இருக்கிறது.

பெயர் புதிது, பொருள் பழையது. அமேசான் படுகையின் பழங்குடிகள் கரி, எலும்பு, கழிவு ஆகியவை சேரச் சேர உருவாக்கிய கருநிற மண் இன்றும் வளமாக இருக்கிறது. போர்த்துகீசிய மொழியில் அதற்குக் ‘கறுப்பு மண்’ என்னும் பொருளில் ‘தெர்ரா ப்ரெத்தா’ என்று பெயர்.

தமிழில் ‘கரி’ என்பது கருமை, கருகு, கருக்கு ஆகியவற்றோடு வேர்த்தொடர்புடைய சொல். கரிதல் என்றால் தீயால் கருகுதல். (‘இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் வரும் கரி சாட்சியைக் குறிப்பது, இங்கே அதற்கு இடமில்லை.) குமரி மாவட்டத்தில் தேய்ப்புப் பெட்டிக்குத் தேங்காய் ஓட்டைச் சுட்ட சிரட்டைக்கரியும் பல் விளக்க உமிக்கரியும் பயன்பட்டதை மூத்தவர்கள் அறிவர். இரண்டிலும் முற்சொல் கரி எதிலிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது.

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் செம்மண்ணுக்கு இக்கரி ஏன் ஏற்றது என்பதை அறிந்தால் சொல்லின் பொருள் மேலும் துலங்கும். இரு பருவமழையும் கொட்டும் அம்மண்ணில் சுண்ணாம்பும் மக்னீசியமும் பொட்டாசியமும் நீரோடு கீழிறங்கிவிட, இரும்பும் அலுமினியமும் தங்கி மண் புளிப்பேறுகிறது, அதாவது அமிலத்தன்மை கூடுகிறது. அங்குள்ள களிமண் துகள்களுக்குச் சத்துகளைப் பிடித்துவைக்கும் ஆற்றலும் குறைவு. கரியின் நுண்துளைகள் நீரைத் தேக்குகின்றன. நாள்பட அதன் மேற்பரப்பில் உண்டாகும் எதிர்மின்னேற்றம், கரைந்தோடும் சத்துகளைப் பிடித்துவைக்கிறது. பெரும்பாலான கரிகள் காரத்தன்மை உடையவை என்பதால் புளிப்பும் ஓரளவு தணிகிறது. எனினும் கரி தன்னளவில் உரமன்று. புதிதாக எடுத்த கரியை அப்படியே இட்டால், பயிருக்குப் போகவேண்டிய தழைச்சத்தைச் சில காலம் அதுவே பற்றிக்கொள்ளக்கூடும். ஆகையால் சாணக்கரைசலிலோ தொழுவுரத்திலோ ஊறவைத்த பிறகே வாழைக்கோ மரச்சீனிக்கோ (மரவள்ளிக்கோ) இடுவது நல்லது. புளிப்பு மண்ணையே விரும்பும் ரப்பருக்கு இதை அளவறிந்துதான் இடவேண்டும். மூலப்பொருளுக்கு இம்மாவட்டத்தில் குறைவில்லை: சிரட்டை, கதம்பை (தேங்காய் மட்டை), நாஞ்சில் நாட்டு வயல்களின் உமி, முறிக்கும் ரப்பர் மரங்களின் கிளை ஆகியவை உள்ளன.

இனித் தமிழ்ப் பெயர். மண்ணுக்குரிய கரி என்று இயல்பாகச் சொல்லவேண்டுமென்றால் ‘நிலக்கரி’ என்றே வந்திருக்கும். ஆனால் அச்சொல் சுரங்கத்துக்குப் போய் வெகுகாலமாயிற்று. ‘மண்கரி’ என்றால் மண்ணைச் சுட்டெடுத்த கரியோ என்ற மயக்கம் எழும். ‘எருக்கரி’ எனக்குப் பிடித்த சொல்தான். ஆயினும் எரு என்பது சாணத்தையும் குறிப்பதால், சாணத்தைக் கருக்கியது என்று கொள்ளவும், கரியையே உரமாக எண்ணவும் அது இடந்தரும். எஞ்சியவை ‘உயிர்க்கரி’யும் ‘உயிரிக்கரி’யும். உயிர்க்கரி என்பதில் கரிக்கே உயிர் இருப்பதுபோன்ற தொனி கேட்கிறது. உயிரி என்றால் உயிருள்ளது. உயிரி எரிவாயு, உயிரி உரம் என்று முன்பே பழகிய வரிசையில் உயிரிக்கரி இயல்பாக உட்காருகிறது. ஆங்கிலப் பெயரின் குறை இதிலும் தொடர்கிறது என்றாலும், பொதுக் கட்டுரைக்கு இதையே பரிந்துரைப்பேன். மூலப்பொருளைச் சுட்டவேண்டிய இடத்தில் ‘மண்ணுக்கிடும் சிரட்டைக்கரி’ என்று எழுதினால் போதும்.

செங்கற்சூளையிலிருந்து அள்ளிவரும் வெண்சாம்பலுக்கு மட்டும் இப்பெயர் பொருந்தாது. அதில் கரிமம் எரிந்து தீர்ந்துவிட்டது. எஞ்சியவற்றுள் பொட்டாசிய உப்புகளை மழை எளிதில் கரைத்துவிடும். நன்கு கருகிய உயிரிக்கரியின் கரிமத்தில் பெரும்பகுதியோ நுண்ணுயிர்களால் எளிதில் சிதையாமல் நூற்றாண்டுக் கணக்கில் மண்ணில் தங்குவது.