கன்று நடுமுன் தண்ணீருக்கு வழி விடுங்கள்

மழைக்காலம் நெருங்கிவிட்டால் போதும், "சார், முத்துப்பேட்டைப் பக்கம் ஆயிரம் அலையாத்திக் கன்று நடணும், இடம் காட்டுங்க" என்று போன் வர ஆரம்பித்துவிடும். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். அலையாத்தி என்பது கடலோரச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரம். இந்தச் சதுப்புநிலக் காடுகளை மீட்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த இடத்தில் கடல் தண்ணீர் ஏறி, அதே மாதிரி வடிந்தும் போகிறதா?

ஏறுவதைவிட வடிவது முக்கியம். முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் வெள்ளைக்காரர் காலத்தில் காட்டைக் கூப்பு கூப்பாக, அதாவது வெட்டுவதற்கான துண்டுகளாகப் பிரித்து, மரங்களை மொட்டையடித்தார்கள். அதன் பிறகும் சில காலம் அது தொடர்ந்தது. நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து இறுகி, நடுவில் தாம்பாளம் மாதிரி தாழ்ந்துவிட்டது. பெரிய ஓதத்தில், அதாவது கடல் ஏறும்போது, உள்ளே வரும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே வற்றி, உப்பை விட்டுப் போகிறது. அடுத்த ஓதம் இன்னும் கொஞ்சம் சேர்க்கிறது. சித்திரையில் போய்ப் பாருங்கள், தரை வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும். ஓரத்தில் உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடி மட்டும் நிற்கும். வெண்கண்டல் உப்பை இலை வழியாகவே வெளியேற்றும் அலையாத்தி மரம். இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். அதுவே அங்கே கருகிப் போகிறது என்றால் மற்ற கன்றுகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

இதற்கு வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் ஊர்மக்களோடு சேர்ந்து 1990களில் பிச்சாவரத்திலும், பிறகு முத்துப்பேட்டையிலும் ஒரு வழியைச் செய்து காட்டின. ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் போலத் தெரியும். வாய்க்கால் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். கன்றை வைப்பது அந்தச் சரிவில்தான். அடியில் வைத்தால் மூழ்கி அழுகும், கரை உச்சியில் வைத்தால் காயும்.

தண்ணீர் ஓட்டம் சரியானால் பாதி வேலையை மரமே பார்த்துக்கொள்ளும். வெண்கண்டல் காய் மரத்தில் இருக்கும்போதே உள்ளே விதை முளைவிட்டிருக்கும். அது தண்ணீரில் விழுந்து, தோல் கழன்று, மிதந்து போய், பதமான சேற்றில் தங்கிய இடத்தில் வேர் பிடிக்கும். நடாமலே கன்று வந்த கரைகளைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷம் தனி.

ஆனால் வாய்க்கால் தூர்ந்து போகும். சில வருஷங்களில் சேறு படிந்து பழைய கதையே திரும்பும். வயல் வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வருத்தம் என்னவென்றால், கன்று நட நிதி தருபவர்கள் தூர்வாரத் தருவதில்லை. நட்ட கன்றைப் படம் எடுக்கலாம், எடுத்துப் போட்ட சேற்றை யார் படம் எடுப்பார்கள்?

நல்ல தண்ணீரும் வேண்டும். கோரையாறும் பாமணியாறும் கடைமடை வயல்களைத் தாண்டி முத்துப்பேட்டைக் காட்டுக்குத்தான் வருகின்றன. அந்தத் தண்ணீர் குறைந்தால் உப்பு கூடும். காவிரித் தண்ணீர் கடலில் கலந்து 'வீணாகிறது' என்று பேசும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்து இங்கே ஏராளமான மரங்கள் முறிந்தன. அப்படி முறிந்ததை எல்லாம் செத்தது என்று நினைத்து வெட்டிச் சுத்தம் செய்யக் கூடாது. வெண்கண்டல் முறிந்த கட்டையிலிருந்தும் துளிர்க்கும். சும்மா விடுவதும் காடு வளர்ப்பில் ஒரு வேலைதான்.

கோடியக்கரை வேறு மாதிரி. 1967இல் சரணாலயமான அங்கே இருப்பது பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைமாறாக் காடும், வெளிமான் மேயும் புல்வெளியும். முதல் வேலை சீமைக்கருவேலை வேரோடு எடுப்பது. காலியாகத் தெரிகிறதே என்று அந்தப் புல்வெளியில் மரம் வைத்தால் மானுக்கு மேய்ச்சல் போய்விடும்.

உதவ நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவை காப்புக்காடுகள், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே மண்வெட்டி எடுத்துப் போக முடியாது. அதனால் வனச்சரக அலுவலகத்துக்குப் போங்கள். கன்று எத்தனை வேண்டும் என்று கேட்காமல், எந்த வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது, ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுத்து அதை வாரி எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் அந்த வேலை முடிந்தால், அந்த வருஷத்து விதை உள்ளே போய்ச் சேர்ந்துவிடும்.