கூடி வாழ்வதும் ஒதுக்கி வைக்கப்படுவதும்

வேலூர் சிஎம்சி மருத்துவமனையை ஒட்டிய காந்தி சாலைப் பகுதியில் லாட்ஜ், மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை எனப் பல பெயர்ப்பலகைகளில் தமிழோடு வங்க எழுத்தும் இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர், முன்பு வந்துபோன உறவினர் சொன்ன லாட்ஜைத் தேடி வருகிறார். கடுகெண்ணெயில் சமைத்த மீன்குழம்பு அங்கே பக்கத்திலேயே கிடைப்பதால் அடுத்தவரும் அதே தெருவுக்கு வருகிறார். இவர்கள் சில வாரங்களில் ஊர் திரும்புகிறவர்கள்தாம் என்றாலும், உலகெங்கும் குடியேறிகள் ஒரு நகரின் குறிப்பிட்ட தெருக்களில் திரள்வது இந்தச் சங்கிலியால்தான் தொடங்குகிறது.

அக்கம்பக்கத்தாரில் மூன்றில் ஒரு பங்கினராவது தம்மவராக இருந்தால் போதும் என்ற மிதமான விருப்பம்கூட, எவரும் திட்டமிடாமலே, ஊரைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்துவிடும் என்பதைப் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971இல் காட்டினார்.

இப்பிரிவினையை அளக்க ஒரு குறியீட்டெண் உண்டு. கிழக்கு, மேற்கு என இரண்டே தெருக்கள் கொண்ட ஓர் ஊரில், 100 குடியேறிகளில் 80 பேர் கிழக்கிலும் 20 பேர் மேற்கிலும், 100 உள்ளூராரில் 20 பேர் கிழக்கிலும் 80 பேர் மேற்கிலும் வசிப்பதாகக் கொள்வோம். குடியேறிகளும் உள்ளூராரைப் போலவே பரவியிருக்க வேண்டுமானால் அவர்களில் 60 பேர் கிழக்கிலிருந்து மேற்குக்கு மாற வேண்டும். ஆகவே குறியீட்டெண் 60. அவர்கள் விரும்பிக் கூடினார்களா, அடைக்கப்பட்டார்களா என்பதை இந்த எண் சொல்லாது. என் பார்வையில் கேட்கவேண்டிய முதற் கேள்வியே அதுதான்.

சிகாகோவில் இத்தாலியரும் போலந்துக்காரரும் முதலில் தொழிற்சாலைகளை ஒட்டிய வாடகை வீடுகளில் நெருங்கி வாழ்ந்தாலும், கூலி உயர்ந்தபின் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் புறநகர்களுக்குப் பரவினர். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து அதே நகருக்கு வந்த கறுப்பின மக்களுக்கோ, அவர்களுக்கு வீட்டை விற்கக் கூடாது என்று கிரயப் பத்திரங்களிலேயே எழுதப்பட்ட நிபந்தனைகள் வழியை அடைத்தன. அந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல்தான் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோ நகராட்சியோ 1890இல் சீனர்கள் அனைவரும் குறிப்பிட்ட பகுதிக்குக் குடிபெயர வேண்டும் என்றே ஆணையிட்டது. அந்த ஆணை செல்லாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கு வாழ்வோரின் மொழியும் நம் மொழியே. பொங்கலும் தீபாவளியும் இரு சாராருக்கும் உண்டு. ஆகவே இந்தத் தனிக் குடியிருப்புக்கு மொழியையோ பழக்கவழக்கத்தையோ காரணமாகக் காட்ட முடியாது. போரிலிருந்து தப்பி வந்தவர்கள் எங்கே தங்க வேண்டும் என்பதை அரசே முடிவு செய்தது. அகதிகள் என்ற பதிவும் முகாமின் விதிகளும் அவர்களை அங்கேயே நிறுத்தி வைத்தன.